நீர்யானையின் வயிறு



1988 ஏப்ரல் 18-ஆம் நாள் காலை, பாரசீக வளைகுடாவில் சாசான் என்னும் ஈரானிய எண்ணெய் மேடையை அமெரிக்கக் கடற்படையின் மூன்று கப்பல்கள் நெருங்கின. அதற்கு நான்கு நாள் முன்புதான் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கி அடிவயிறு கிழிந்திருந்தது. அதற்கு இது பதிலடி. மேடையில் இருந்தவர்களை வெளியேறச் சொல்லி எச்சரித்தார்கள், பீரங்கியால் சுட்டார்கள், பிறகு மரைன் வீரர்கள் ஹெலிகாப்டரில் போய் இறங்கி வெடிவைத்தார்கள். அந்த வீரர்களைச் சுமந்து வந்த கப்பலின் பெயர் ட்ரென்டன். அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த எண் 14. இனி, 2020 ஜூன் 25-ஆம் நாள் மாலை. அதே வளைகுடாவின் வாயிலில் இருக்கும் ஈரானியத் துறைமுகமான பந்தர் அப்பாஸிலிருந்து 687 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர்கள். கொரோனாவால் ஊர் திரும்ப வழியின்றி மாதக்கணக்கில் அங்கே சிக்கிக் கிடந்தவர்கள். ஜூலை 1-ஆம் நாள் தூத்துக்குடியில் அவர்களைக் கரை சேர்த்த அந்தக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா. அதன் எண் 41. எண்ணைத் திருப்பிப்போட்டு, கொடியை மாற்றிக்கொண்டாலும் கப்பல் ஒன்றுதான். மேடையைத் தகர்க்க ஆட்களைக் கொண்டுபோன அதே இரும்புக் கூடுதான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் துறைமுகத்தில் கயிறு கட்டி நின்று மீனவர்களை ஏற்றியது.

இது ஒரு சுவையான தற்செயல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் இதைத் தற்செயலாகப் பார்க்கவில்லை. கப்பல்களின் பணி வரலாற்றை நாம் எழுதும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. அதை இந்த ஒரு கப்பல் காட்டிக்கொடுக்கிறது என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம். நாசகாரிக் கப்பலுக்கும் நீர்மூழ்கிக்கும் போர்களை வரிசைப்படுத்தினால் வரலாறு வந்துவிடும். அவற்றின் உடம்பே ஆயுதம். தரையிறக்கக் கப்பலின் கதை அப்படி இல்லை. அதன் உடம்பில் பெரும்பகுதி வெற்றிடம். எதை ஏற்றினார்கள், எங்கே ஏற்றினார்கள், யார் இறங்கினார்கள் என்று கேட்டால்தான் அதன் வாழ்க்கை தெரியவரும். அப்படிக் கேட்டுப் பார்க்கும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: எந்த வேலைக்கு என்று சொல்லி அரசுகள் இந்தக் கப்பலைக் கட்டினவோ, வாங்கினவோ, அந்த வேலை அநேகமாக வரவே இல்லை. வந்ததெல்லாம் யாரும் எழுதிவைக்காத வேலை.

முதலில் அந்த வெற்றிடத்தைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். கப்பலின் நீளம் ஏறத்தாழ 173 மீட்டர். முழுச் சுமையோடு எடை சுமார் 17,000 டன். ஏறத்தாழ 400 மாலுமிகள் ஓட்டுகிறார்கள். மேற்கொண்டு ஆயிரம் துருப்பினர் வரை படுத்து எழ இடம் உண்டு. கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் நம் கடற்கரையில் சொல்வார்கள். இந்தக் கப்பலின் அமரத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே சுமார் 15 மீட்டர் அகலம் கொண்ட ஒரு நீண்ட கூடம். கடற்படைக்காரர்கள் இதை வெல் டெக் என்பார்கள். நான் நீர்க்கூடம் என்று சொல்லிக்கொள்கிறேன். கூடத்தின் தரையில் நான்கு தரையிறக்கப் படகுகள் வரிசையாக நிற்கும். வேளை வந்ததும் கப்பலின் வயிற்றிலுள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்புகிறார்கள். அமரம் மெல்ல மெல்லத் தாழ்கிறது. கதவு இறங்கியதும் கடல் உள்ளே வருகிறது. சற்று முன்வரை காய்ந்து கிடந்த தரையில் ஆளை மூழ்கடிக்கும் அளவுக்கு நீர் ஏறிவிடும். படகுகள் நின்ற இடத்திலேயே மிதக்கத் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கடலுக்குள் போகும். பிறகு தொட்டிகளிலுள்ள நீரை வெளியேற்றினால் கப்பல் பழையபடி எழுந்துவிடும். ஓட்டை விழுந்த கப்பல் மூழ்கும் என்பது உலகறிந்த சேதி. இங்கே மூழ்குவதையே ஒரு தொழிலாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பின்னால் பழைய சிக்கல் ஒன்று உண்டு. நடுக்கடலைத் தாண்ட ஆழமாய் அமிழும் உடம்பு வேண்டும். கரை சேர ஆழமில்லாத உடம்பு வேண்டும். இரண்டும் ஒரே கப்பலில் எப்படிக் கூடும்? 1941-இல் ஜான் நீடர்மையர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு வழி கண்டார். கடலில் போகும்போது தொட்டிகளில் நீரை நிரப்பி ஆழ்த்துவது, கரையை அணுகும்போது வெளியேற்றி உயர்த்துவது. அந்த வரைபடத்திலிருந்து அமெரிக்கா 1,051 கப்பல்களைக் கட்டியது. அவை நேராக மணலில் மோதி, அணியத்தின் கதவைத் திறந்து டாங்கிகளை இறக்கின. இந்தியாவின் ஐ.என்.எஸ். மகரும் அந்தக் குடும்பத்துக் கப்பல்தான். ட்ரென்டன் அடுத்த தலைமுறை. பெரிய கப்பல் கரைக்கு எட்ட நின்றுகொள்ளும். கரைக்குப் போவது படகும் ஹெலிகாப்டரும். வளர்ச்சியின் போக்கைக் கவனியுங்கள். கரையில் துறைமுகம் இருக்கிறதா, மேடை இருக்கிறதா, அனுமதிப்பவர் இருக்கிறாரா என்ற கேள்விகளிலிருந்து கப்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஜலாஷ்வா என்ற வடமொழி விலங்குப் பெயருக்கு நேர்ப்பொருள் நீர்க்குதிரை. கிரேக்கர்களும் அந்த விலங்கை ஆற்றுக்குதிரை என்றே அழைத்தார்கள். தமிழர் கண்ணுக்கு மட்டும் அது நீர்யானை. இந்தக் கப்பலைப் பார்த்தவர்கள் நம் பெயரே பொருத்தம் என்பார்கள். குதிரையின் வேகம் இதனிடம் இல்லை, மணிக்கு 21 கடல் மைலோடு சரி. ட்ரென்டன் என்பது நியூ ஜெர்சி மாநிலத்து நகரம். 1776 டிசம்பர் 25 இரவில் பனிக்கட்டிகள் மிதந்த டெலவேர் ஆற்றைக் கடந்து மறுநாள் காலை ஜார்ஜ் வாஷிங்டன் தாக்கிய ஊர் அது. அன்று அவருடைய படை ஏறிக் கடந்த படகுகளில் பல, இரும்பும் சரக்கும் ஏற்றி ஆற்றில் ஓடிக்கொண்டிருந்த வணிகப் படகுகள். சரக்குப் படகு போருக்குப் போன ஊரின் பெயரை, பின்னாளில் போரைவிட மனிதச் சரக்கையே அதிகம் சுமக்கப்போகும் கப்பலுக்கு வைத்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் தெரிந்திருக்க வழியில்லை.

சியாட்டில் நகரில் 1966 ஆகஸ்டில் அடிக்கட்டை போடப்பட்டு, 1968 ஆகஸ்டில் நீரில் இறக்கப்பட்டு, 1971 மார்ச் 6-ஆம் நாள் ட்ரென்டன் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. ஆண்டுகளைப் பார்த்தாலே எந்தக் காலத்துக் கப்பல் என்று தெரியும். அது வியட்நாம் போரின் உச்சம். ஆனால் ட்ரென்டனின் தாய்த்துறை அட்லாண்டிக் கரையிலுள்ள நார்ஃபோக். முதல் பத்து ஆண்டுகள் பயிற்சிகளிலும் மத்தியதரைக் கடல் சுற்றுகளிலும் கழிந்தன. அங்கே நமக்கு வேலையில்லை. 1983 அக்டோபரில் குவாம் என்ற தாய்க்கப்பலோடு பெய்ரூட் நகரத்துக்கு மரைன் படையை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோது, நடுவழியில் உத்தரவு மாறியது. கப்பல்கள் தெற்கே திரும்பி கிரெனடா தீவின் மீது நடந்த படையெடுப்பில் கலந்துகொண்டன. அதை முடித்துக்கொண்டு மறுபடி லெபனான் போயின. புறப்பட்ட வேலை ஒன்று, செய்த வேலை வேறு. இது முதல் சான்று. ஆனால் போர்ச் சான்று. இதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு எதிராக நிற்கும் சான்றும் இதுதான்.

1991 ஜனவரி நிகழ்ச்சியில் சற்று நின்று பார்க்க வேண்டும். குவைத்தை மீட்கும் போருக்காக அமெரிக்கா வளைகுடாப் பகுதியில் ஏறத்தாழ 17,000 மரைன் வீரர்களைக் கப்பல்களிலேயே வைத்திருந்தது. குவைத் கடற்கரையில் பெரும் தரையிறக்கம் நடக்கப்போகிறது என்று உலகமே நம்பியது. சதாம் உசேனும் நம்பினார். தம் படையின் ஒரு பகுதியைக் கடலை நோக்கியே நிறுத்தி வைத்திருந்தார். அந்தத் தரையிறக்கம் கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் அதற்காகக் காத்திருந்த கப்பல்களில் குவாம், ட்ரென்டன் ஆகிய இரண்டு மட்டும் ஜனவரி 2 இரவு ஓசையின்றிப் பிரிந்து தெற்கே போயின. சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் உள்நாட்டுப் போர் தெருவுக்கு வந்திருந்தது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் உயிருக்கு உத்தரவாதமில்லை. அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் பிஷப் தம் வளாகத்துக்குள் அடைபட்டிருந்தார். அவரோடு வேறு பல நாட்டினரும் வந்து அடைக்கலம் புகுந்திருந்தார்கள்.

ஜனவரி 5 விடியற்காலை மூன்றே முக்கால் மணி. கப்பல்கள் இன்னும் 466 கடல் மைல் தள்ளியே இருந்தன. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேர்ந்து அப்புறமும் கடலுக்குள் கொஞ்சம் போக வேண்டிய தூரம். கப்பல்கள் அருகில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்று முடிவெடுத்து, இரண்டு பெரிய ஹெலிகாப்டர்களை 60 வீரர்களோடு அனுப்பினார்கள். இருட்டில், கடலின் மேல், பறந்துகொண்டே இரண்டு முறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனார்கள். திட்டம் வகுத்தவர்கள் கையில் இருந்த வரைபடம் பழையது. தூதரகம் கடற்கரையை விட்டு உள்ளே இடம் மாறியிருந்தது அதில் இல்லை. படகில் இறங்கி நடந்து போய்விடலாம் என்று நினைத்த யோசனை அதோடு போயிற்று. விடிந்த சற்று நேரத்தில் ஹெலிகாப்டர்கள் தூதரக வளாகத்தில் இறங்கின. முதல் நடையில் 61 பேரை ஏற்றிக்கொண்டு திரும்பின. நாள் முழுதும் கப்பல்கள் நெருங்கி வர, நள்ளிரவில் மீதிப் பேரை அலை அலையாக எடுத்தார்கள். கணக்கு முடிந்தபோது 30 நாடுகளைச் சேர்ந்த 281 பேர். பனிப்போர் இன்னும் முற்றும் ஓயாத அந்த நாளில் சோவியத் தூதரும் அவர்களில் ஒருவர். மஸ்கட் போய்ச் சேர்வதற்குள் குவாம் கப்பலில் ஒரு குழந்தையும் பிறந்தது.

இங்கே நான் பார்ப்பது வீரத்தை அல்ல, கணக்கை. குவைத்துக்காகத் திரட்டிய தரையிறக்கப் படை குவைத்தில் இறங்கவே இல்லை. அந்தப் படையின் இரண்டு கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் 281 உயிர்களை மீட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல் திரும்பிவந்து வரிசையில் நின்றுகொண்டன. அதிகாரபூர்வமான போர்க் கதையில் இது ஓர் அடிக்குறிப்பு. கப்பலின் கதையில் இதுதான் தலைப்பு. 2006 ஜூலையிலும் இதே கதைதான். இஸ்ரேல் லெபனானைத் தாக்கி, பெய்ரூட் விமான நிலையம் மூடப்பட்டபோது, அமெரிக்கக் குடிமக்களை அங்கிருந்து வெளியே கொண்டுவரப் போன கப்பல்களில் ட்ரென்டனும் ஒன்று. அதன் உடன்பிறப்பான நாஷ்வில், படகுகளை அனுப்பி மணலிலிருந்தே ஆட்களை ஏற்றியது. அப்போது ட்ரென்டனுக்கு வயது 35. இன்னும் ஆறு மாதத்தில் அமெரிக்கக் கொடி இறங்கப்போகிறது.

இப்போது ஒத்திவைத்த எதிர்வாதத்துக்கு வருகிறேன். கிரெனடாவிலும் சாசான் மேடையிலும் இதே கப்பல்தானே ஆளை இறக்கியது? மீட்புப் பணி என்பது படையெடுப்புக் கருவிக்குப் பூசும் அரிதாரம் இல்லையா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மக்களை வெளியே எடுக்கும் கதவும் படையை உள்ளே விடும் கதவும் ஒன்றுதான். கரையை ஆள்பவரின் அனுமதி தேவைப்படாத கப்பல், மீட்க வரும்போது வரம்; பிடிக்க வரும்போது சாபம். கிரெனடாவில் இறங்கியதை அன்றைக்கு ஐ.நா. பொதுச்சபை கண்டித்தது, அந்தக் கறையை மொகடிஷு கழுவாது. என் வாதம் இந்தக் கப்பல் நல்லது என்பதன்று. ஆயுதத்தின் இயல்பு அதன் வடிவத்தில் இருக்கிறது. துப்பாக்கியை எதற்குப் பயன்படுத்தினாலும் அது சுடும் கருவிதான். வெற்றிடத்துக்கு அப்படி ஓர் இயல்பு இல்லை. அதை நிரப்புகிற அரசுதான் அதற்குக் குணம் கொடுக்கிறது. ஆகவே குற்றமோ நன்றியோ எதுவானாலும் கணக்கு அரசின் பெயரில்தான் எழுதப்பட வேண்டும். கப்பலின் பெயரில் எழுதுவது அரசுக்கு வசதியான ஏற்பாடு.

இந்தியா இந்தக் கப்பலை வாங்கிய கதையில் இந்த வசதி நன்றாகவே தெரிகிறது. 2004 டிசம்பர் சுனாமியின்போது நிக்கோபார் தீவுகளில் படகுத்துறைகள் உடைந்துபோயின. உதவி கொண்டுவந்த கப்பல் கட்ட இடமில்லை. தமிழகம், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா என்று ஒரே சமயத்தில் பல முனைகளுக்குக் கப்பல் அனுப்பிய இந்தியக் கடற்படைக்கு, ஆளையும் சரக்கையும் மொத்தமாய்ச் சுமந்து, துறைமுகமில்லாத கரையில் இறக்கும் கப்பல் போதவில்லை என்பது அப்போது வெட்டவெளிச்சமாயிற்று. 2007 ஜனவரி 17-ஆம் நாள் நார்ஃபோக்கில் ட்ரென்டன் அமெரிக்கப் பணியிலிருந்து விடுபட்டுக் கைமாறியது. அதே ஆண்டு ஜூனில் ஜலாஷ்வா என்ற பெயரில் இந்தியக் கொடி ஏறியது. விலை ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் டாலர். கூடவே ஆறு பழைய ஹெலிகாப்டர்களுக்குத் தனியாக 3 கோடியே 90 லட்சம். கப்பல் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக் கட்டளையில் சேர்ந்தது.

சி.ஏ.ஜி. என்று நாம் சொல்லும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2008-இல் வைத்த அறிக்கை இந்தக் கொள்முதலைக் கடுமையாகச் சாடியது. நவீனப்படுத்தத் தகாதது என்று அமெரிக்கக் கடற்படையே ஒதுக்கிய கப்பலை அவசரப்பட்டு வாங்கியிருக்கிறார்கள். தாக்குதலுக்குப் பயன்படுத்தக்கூடாது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்வையிடுவோம் என்று விற்றவர் போட்ட நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பவை அதன் முக்கியக் குற்றச்சாட்டுகள். பழைய கப்பலின் விலை டாலரோடு நிற்கவுமில்லை. 2008 பிப்ரவரியில், அந்தமான் பக்கம் நடந்த பயிற்சியின்போது, கப்பலுக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கசிந்து மாலுமிகள் உயிரிழந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது; அளவு கூடினால் மூக்கை மரக்கவைத்து, நாற்றமே தெரியாமல் ஆளை வீழ்த்திவிடும். காற்றோட்டம் குறைந்த அடித்தளங்களில் வேலைபார்க்கும் கடலோடிக்கு இதைவிடக் கொடிய எதிரி இல்லை. 281 பேரைக் காப்பாற்றிய கப்பல் தன் ஆட்களைக் கொன்றது என்பதையும் சேர்த்துத்தான் பணி வரலாறு எழுத வேண்டும்.

தணிக்கையாளர் சொன்னது சரியா? கணக்கு நோக்கில் சரி. வாங்கும் முறை பற்றிய அவருடைய கேள்விகளுக்கு நிறைவான பதில் வந்துவிட்டதாக நான் கருதவில்லை. ஆனால் தாக்குதலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாங்கிய பின் இந்தக் கப்பலுக்கு வாய்த்த பெரிய வேலைகள் எதிலும் அந்த நிபந்தனை குறுக்கே வந்ததாகத் தெரியவில்லை. 2019 நவம்பரில் விசாகப்பட்டினம், காக்கிநாடா கரைகளில் இந்தியாவும் அமெரிக்காவும் முப்படைகளோடு நடத்திய டைகர் ட்ரையம்ஃப் பயிற்சியிலும் ஜலாஷ்வா இருந்தது. அதற்கு வைத்த கற்பனைக் கதையே பேரிடர் நிவாரணம்தான். போருக்கென்று வாங்கிய கப்பலுக்குப் போர் செய்யாதே என்று விலங்கு. அது செய்ததெல்லாம் விலங்கு இடறாத வேலை.

கொரோனாவால் வெளிநாடுகளில் சிக்கியவர்களைக் கடல்வழியே மீட்க 2020 மே மாதம் தொடங்கிய சமுத்திர சேது நடவடிக்கையில் ஜலாஷ்வாவோடு ஐராவத், ஷர்துல், மகர் ஆகிய தரையிறக்கக் கப்பல்களும் ஈடுபட்டன. மொத்தம் 55 நாள், 23,000 கிலோமீட்டருக்கு மேல் கடல் பயணம், 3,992 பேர். இதில் ஜலாஷ்வா மட்டும் ஐந்து நடை. மாலத்தீவிலிருந்து கொச்சிக்கு 698, மறுபடி 588; கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு 686; மாலத்தீவிலிருந்து தூத்துக்குடிக்கு 700; பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு 687. கூட்டினால் 3,359. முதல் நடையில் கர்ப்பிணிகள் மட்டும் 19 பேர். ஆயிரம் பேர் கொள்ளும் கப்பலில் எழுநூறோடு நிறுத்திக்கொண்டது இடைவெளி விட்டுப் படுக்கவைப்பதற்காக.

இங்கே இரண்டாவது எதிர்வாதம் வருகிறது, முதலாவதைவிடக் கூர்மையானது. அதே மாதங்களில் வந்தே பாரத் மீட்பு விமானங்கள் லட்சக்கணக்கானோரைக் கொண்டுவந்தன. அதன் முன் நாலாயிரம் எந்த மூலைக்கு? இன்னொன்று: மாலே, கொழும்பு, பந்தர் அப்பாஸ், தூத்துக்குடி எல்லாமே மேடை கட்டிய துறைமுகங்கள். ஜலாஷ்வா சாதாரணக் கப்பலைப்போல் கயிறு கட்டி நின்றது. மக்கள் ஏணிப்படியில் ஏறி ஏணிப்படியில் இறங்கினார்கள். அமரக் கதவு திறக்கவே இல்லை, நீர்க்கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அப்படியானால் தரையிறக்கக் கப்பல் எதற்கு, ஒரு பயணிகள் கப்பல் போதாதா?

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விமானம் செய்ததைக் கப்பல் செய்திருக்க முடியாது. இரண்டாவது பாதிக்குப் பதில் தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்திலேயே இருக்கிறது. வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, ஆங்கிலேயக் கம்பெனியோடு மோதிக் கப்பல் விட்ட வழி அது. இன்று தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த வழியில் 2011 ஜூனில் ஸ்காட்டியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பலை விழா எடுத்துத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடியும் முன்பே நின்றுபோனது. தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றில் ஆளேற்ற முடியாது. 2020 ஜூனில் அந்தக் கடலில் எழுநூறு பேரை ஏற்றிக்கொண்டு வரத் தயாராக ஒரு பயணிகள் கப்பலும் இல்லை. பயணிகள் கப்பல் போதும் என்ற வாதம் பயணிகள் கப்பல் இருந்தால் சரி. வணிகக் கப்பல் ஓடினால்தான் பணம். ஆகவே அது காலியாகக் காத்திருக்காது. வெறும் வயிற்றோடு, எரிபொருள் நிரப்பி, சமையற்காரரும் மருத்துவரும் மாலுமியும் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்க, என்ன வேலை வரும் என்று தெரியாமல் நிற்கும் கப்பலை எந்தக் கம்பெனியும் வைத்திருக்காது. அரசுகளும் மீட்புப் பணியின் பெயரில் அப்படியொரு கப்பலுக்குப் பணம் ஒதுக்கியதில்லை. போரின் பெயரைச் சொன்னால் மட்டும் ஒதுக்குகின்றன. இது சங்கடமான உண்மைதான்.

இதனால் என் வாதத்தை நானே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கரையைத் தேடிப் போகும் அமரக் கதவுதான் இந்தக் கப்பலின் உயிர் என்று கருதத் தோன்றும். வடிவமைத்தவர்கள் அப்படித்தான் கருதினார்கள். சான்றுகள் வேறு சொல்கின்றன. மொகடிஷுவில் வேலை செய்தது ஹெலிகாப்டர் தளம். தூத்துக்குடியில் வேலை செய்தது துருப்பினரின் படுக்கையறைகளும் அடுக்களையும். 2021 மே மாதம், மூச்சுத் திணறிய கொரோனா இரண்டாம் அலையின்போது, ஜலாஷ்வா புரூனே, சிங்கப்பூர் பக்கம் போய் 18 குளிர்நிலை ஆக்சிஜன் தொட்டிகளை விசாகப்பட்டினத்துக்குச் சுமந்து வந்தபோது வேலை செய்தது சரக்குத் தளம். மூன்று முறையும் கதவு முக்கியமில்லை, காலியிடமும் காத்திருப்பும்தான் முக்கியம். ஆனால் அந்தக் கதவைக் காரணம் காட்டித்தான் அந்தக் காலியிடத்தைக் கட்டவே முடிந்தது.

இந்தியா தனக்கென்று இப்படி நான்கு கப்பல்களைக் கட்டிக்கொள்ள 2013-இல் ஒப்பந்தப்புள்ளி கோரியது. போட்டியில் இருந்தவற்றுள் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் தளம் வைத்திருக்கும் லார்சன் அண்ட் டூப்ரோவும் ஒன்று. ஏழாண்டு இழுத்து, 2020-இல் அந்தக் கோப்பை மூடினார்கள். அதே ஆண்டுதான் ஜலாஷ்வா ஐந்து முறை நிறைந்து வந்து ஐந்து முறை காலியானது. கப்பலோடு வாங்கிய பழைய ஹெலிகாப்டர்கள் 2021 ஜூனில் ஓய்வு பெற்றன. சியாட்டிலில் அடிக்கட்டை போட்ட அந்த நீராவிக் கப்பல் மட்டும், தன் வகையில் இந்தியாவுக்கு வாய்த்த ஒரே கப்பலாக, விசாகப்பட்டினத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.